கம்மலும் கூச்சலும் மாதா படமும்

ஜூலை 6, வெள்ளி

சாரல். பள்ளிக்கூட ஓடு ஒழுகல். மூன்றாம் வகுப்பை மூலைக்கு நகர்த்தியாச்சு.

காவலூரில் கிறிஸ்தவ வீடு மூன்றே. ஜெபப் புத்தகத்தைப் பார்த்து ஜெபிக்கிற சபையைச் சேர்ந்தவள் நான். நர்ஸ் ரூத், பெந்தெகொஸ்தே. ஜீப் டிரைவர் அந்தோணியும் மேரியும் கத்தோலிக்கர். ஞாயிறு ஜெபம் அந்தோணி வீட்டில், எல்லாரும் சேர்ந்து. போன வாரம் முறிந்தது. என் கம்மல் வீண் அலங்காரமாம், ரூத் சொன்னாள். ஜெபம்னு நீ போடுற கூச்சலுக்குக் கடவுளே காதைப் பொத்திக்குவார் என்றேன். எழுந்து போய்விட்டாள்.

மேரி இன்று பள்ளிக்கே வந்தாள். நிறைமாசம். முதல் குழந்தை தங்கவில்லை. "எல்லாரும் ஒண்ணா வந்து ஜெபம் பண்ணுங்க டீச்சர். தனித்தனியா பண்ணா எனக்கு பயமா இருக்குது."

ஒரே கடவுள்தானே. தனித்தனியாகக் கேட்டால் என்ன, சேர்ந்து கேட்டால் என்ன? தெரியவில்லை.

வாங்க: மண்ணெண்ணெய், சாக்பீஸ், சர்க்கரை.

ஜூலை 8, ஞாயிறு

ரூத்துக்காகக் கம்மலைக் கழற்றிவிட்டு, காதில் ஈர்க்குச்சி செருகிப் போனேன். மனசுக்குள் கொஞ்சம் பெருமைதான். அங்கே போனால், படம் வைத்துக் கும்பிடாத எங்களுக்காக அந்தோணி மாதா படத்தைத் துண்டால் மூடி வைத்திருந்தார். ரூத்தும் வந்தாள். எனக்காக வாயே திறக்கவில்லை. எல்லாரும் கண்ணை மூடி ஊமையாக. ஒருவருக்கும் ஜெபம் வரவில்லை.

மேரிக்கு வந்ததே கோபம். "இன்னா இது, எழவு வூடு மாதிரி? அவங்கவங்க பண்றத பண்ணுங்க!" துண்டை உருவிப் போட்டாள்.

அப்புறம் ஒரே இரைச்சல். ரூத் கத்த, அந்தோணி ஜெபமாலை உருட்ட, நான் புத்தகம் வாசிக்க. ஒருவர் சொன்னது இன்னொருவருக்குக் கேட்கவில்லை. மேரி மட்டும் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். இது எப்படி?

கிளம்பும்போது ரூத்: "கம்மல போட்டுக்கோங்க டீச்சர், குச்சி விழுந்தா ஓட்டை தூந்துடும். எனக்குப் புடிக்காதுதான்." சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஜூலை 9, திங்கள்

விடியலில் மேரிக்கு வலி. அந்தோணி ஜீப்பில் மலையிறங்கி ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்கு. மேரி நடுவில், நானும் ரூத்தும் இரண்டு பக்கமும். பள்ளிக்கு லீவு சொல்லவில்லை. ஒவ்வொரு வளைவிலும் ரூத் ஜெபக் கூச்சல். பாதி வழியில்தான் கவனித்தேன், அவளைவிட என் சத்தம் பெரிசு.

பெண் குழந்தை. நல்ல அழுகை. தாயும் நலம். ஸ்தோத்திரம்.

ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே ஞானஸ்நானச் சண்டை. இந்த வாரமே என்கிறார் அந்தோணி. வளர்ந்து அதுவாகக் கேட்டால்தான் என்கிறாள் ரூத். எங்கள் சபைப் போதகர் ஐயர் மலையேறி வரும்போது பார்க்கலாமே என்றேன், இரண்டு பேரும் முறைத்தார்கள். டீக்கடையில் ஒரே டம்ளர்தான் கிடைத்தது. மாற்றி மாற்றிக் குடித்தோம். சண்டை ஓயவில்லை.