காய்ச்சாத தண்ணீர்

சிங்கவரம், ஆடி மூன்றாம் வெள்ளி, 1966

கோழிப்பண்ணை வைக்க உதவ அமெரிக்காவிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கியிருக்கும் டேவிட்டுக்கு நேற்றிலிருந்து வயிற்றுப்போக்கு. செஞ்சியிலிருந்து வந்த கம்பவுண்டர் என்னிடம், "தண்ணி காச்சித்தான குடுக்கறீங்க?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் டேவிட்டே, "அம்மா தினம் காய்ச்சுவாங்க" என்றான்.

அவனிடம் அப்படிச் சொல்லிவைத்தது நான்தான். ஒருநாளும் காய்ச்சியதில்லை. நம்ம கெணத்துத் தண்ணிக்கு இன்னா கொறச்சல் என்கிற வீம்பு. கம்பவுண்டரிடமும் தலையை ஆட்டிவிட்டேன்.

அவர் போனதும் அடுப்பை மூட்டினேன். கொதித்த தண்ணீரை ஆறவைக்கக்கூடத் தோன்றாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். டம்ளரைத் தொட்டவன் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். என் முகத்தைப் பார்த்தான். ஊதி ஊதி முழுவதையும் குடித்தான்.

"நாளைக்கும் சூடாவே குடுங்க, அம்மா" என்றான்.