தென்னையில் கட்டிய கம்பி

வெகுதானிய வருஷம், ஆவணி, வெள்ளி இரவு.

எங்கள் ரேடியோ நிலையத்தின் வரலாற்றிலிருந்து ராஜமாணிக்கம் இன்று என்னை நீக்கிவிட்டான். ஆண்டு விழாப் பேச்சில், தான் ஒருவனாகவே அதைத் தொடங்கியதாக ஒலிபரப்பினான். திருச்சி கடைத்தெருவில், காபி கிளப் ரேடியோ முன்னால் நின்று கேட்டேன். முதல் ஒலிபரப்புக் கருவியை இருவரும் சேர்ந்து என் வீட்டுக் கூடத்தில்தான் பொருத்தினோம்.

நேரே ஸ்ரீரங்கம் திரும்பி, என் பக்கத்து வீட்டிலிருக்கும் நிலையத்துக்குப் போய் ராஜமாணிக்கத்தைப் பிடித்தேன்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. சுருட்டு விளம்பரம் நீண்டுபோச்சு. உங்க பேரைச் சொல்ல நேரமில்லை."

"சுருட்டுக்கு இருந்த நேரம் எனக்கு இல்லையாடா?"

"சுருட்டுக்காரர் காசு குடுக்கிறாருண்ணே. நீங்க என்ன குடுக்கிறீங்க?"

பாட வந்தவர்கள் சிரித்தார்கள்.

என்ன கொடுக்கிறேன் என்பது நாளை தெரியும். நிலையத்து ஏரியல் கம்பியின் மறுமுனை என் தோட்டத்துத் தென்னையில்தான் கட்டியிருக்கிறது.

விடிந்ததும் மரமேறும் காத்தானை விட்டு அதை அவிழ்க்கச் சொல்ல வேண்டும். மருமகள் கொல்லைக் கதவைப் பூட்ட வேண்டும். ராஜமாணிக்கம் வந்து குழைந்து பேசினால் அவள் இளகிவிடுவாள். சாவியை நான் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கம்பி மறுபடி மரமேற வேண்டுமானால், ராஜமாணிக்கம் வரலாற்றை என் பெயரோடு முதலிலிருந்து சொல்ல வேண்டும். கம்பி இல்லாமல் ஊருக்கு எப்படிக் கேட்கும்? காபி கிளப் வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தட்டும்.