ராலிட்சா தலையாட்டினாள்

கிராட்ஸ், 14 மார்ச் 1999

அன்புள்ள போயான்,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக்கொடுத்த பானித்சாவை நம்ம நாட்டு எல்லை தாண்டுவதற்குள்ளேயே தின்று தீர்த்துவிட்டேன், திட்டாதே.

நான் அங்கே இருந்த பன்னிரண்டே நாளில் நம்ம ராலிட்சாவின் தூக்கியே நிற்கும் குதிகால் இரண்டு விரற்கடை இறங்கியிருக்கிறது, பார்த்தாயா? இலையுதிர் காலத்துக்குள் தரையைத் தொடாவிட்டால் கத்திதான் என்று டாக்டர் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ இளகின மனசுக்காரன், அதனால்தான் கால் இறுகிப்போகிறது. நான் ஒவ்வொரு தடவையும் "வலிக்குதாடி கண்ணு?"ன்னு கேட்டுத்தான் பாதத்தைத் தள்ளினேன். சிங்கக்குட்டி! கண்ணில் தண்ணி நின்றாலும் இல்லை இல்லைன்னு தலையாட்டினாள். மே மாதம் கியோர்கி திருநாளுக்கு வந்து மிச்சத்தையும் இறக்கிவிடுகிறேன்.

உன் ஸ்லாத்தினா

ட்ரோயான், 22 மார்ச்

ஸ்லாத்தினா,

இல்லைன்னா ஆட்டினாள்? அடிப்பாவி, நாலு வருஷத்தில் நம்ம ஊர்த் தலையாட்டலுமா மறந்துபோச்சு? இப்படியும் அப்படியும் ஆட்டினால் இங்கே ஆமாம். இல்லைன்னா தலையை வெடுக்கென்று மேலே தூக்குவோம். பேச்சு வராத பிள்ளைக்கு அந்தத் தலை ஒன்றுதானே வாய்? 'ஆமாம்மா, வலிக்குது'ன்னு பன்னிரண்டு நாளும் உன்னிடம் சொல்லியிருக்கிறாள். இழுப்பது தெரியணும், வலிக்கக்கூடாது, அந்த இடத்தில் நிறுத்தி முப்பது எண்ணணும்னு பிசியோதெரபிஸ்ட் எத்தனை தடவை சொன்னார்?

போனில் உன் குரல் கேட்டாலே காலை மடக்கிக்கொள்கிறாள். என் கைக்கு மட்டும்தான் தருகிறாள்.

போயான்

கிராட்ஸ், 30 மார்ச்

போயான்,

உன் கடிதத்தைச் சலவை வேலைக்கு நடுவில் பிரித்துத் தொலைத்தேன். அதற்குப் பிறகு ஒரு துணியைக்கூட மடிக்க முடியவில்லை. இங்கே எல்லாரும் ஆட்டுகிறபடியே எனக்கும் பழகிப்போச்சு. என் பிள்ளை ஆமாம் ஆமாம்னு கெஞ்ச, நான் முத்தம் கொடுத்துக் கொடுத்துத் தள்ளியிருக்கிறேனே! பாழாய்ப்போன கை. இனி அவளைத் தொட எனக்கு யோக்கியதை கிடையாது. திருநாளுக்கு வரமாட்டேன். இன்னும் மூன்று வருஷத்துக்கு இங்கேயே இருப்பதாகக் கையெழுத்துப் போடப்போகிறேன். அவள் உன்னிடமே நல்லபடியாக இருக்கட்டும்.

ஸ்லாத்தினா

ட்ரோயான், 8 ஏப்ரல்

என் ஸ்லாத்தினா,

கையெழுத்துப் போட்டுவிடாதே. போனில் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

நீ வந்த மூன்றாம் நாளே கதவோரம் நின்று பார்த்தேன். அவள் ஆட்டுவதையும் பார்த்தேன், நீ தள்ளுவதையும் பார்த்தேன். அப்போதே புரிந்துவிட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. நாலு வருஷம் ஒண்டியாகப் பார்த்துக்கொண்டவன் நான், நீ வந்த அன்றைக்கே அவள் உன் மடியில் ஏறிக்கொண்டாள். அழுதுகிட்டு என்னிடமே திரும்பி வரட்டும்னு நினைத்தேன். வந்தாள். மீதி நாள் பட்ட வலியெல்லாம் நான் கொடுத்ததுதான்.

இதுவரை எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். எட்டு வயசு, எல்லாம் புரியும். முழுசாகக் கேட்டாள். கேட்டுவிட்டு என் கையிலிருந்து காலை இழுத்துக்கொண்டாள்.

இன்று பதினொன்றாம் தேதி, மூன்று நாளாச்சு. யாருக்கும் தரவில்லை. கால் இறுகுகிறது. வந்துவிடு.

போயான்