நாலு அங்குலக் குழாயும் ஆர்விலின் மாடுகளும்

மே 9
காற்று. வடக்கு வேலியில் இரண்டு கம்பம் சாய்ந்திருக்கிறது. தம்பி கிளீட் வந்தான், சாப்பிட்டான், என் பிக்கப்புக்கு அடியில் படுத்தான், எழுந்து தீர்ப்புச் சொன்னான்.

"அக்கா, இன்ஜின்ல ஒரு குறையும் இல்ல. பாவம், அதுக்கு மூச்சு விட முடியல. டர்போ அந்த ஊது ஊதுது, புகை போற குழாயப் பாரு, ஊசி மாதிரி இருக்கு. நாலு அங்குலக் குழாய் போட்டுருவோம். மலை என்ன, வானத்துக்கே இழுக்கும்."

கழற்றுவதில் என் தம்பியை மிஞ்ச ஆளில்லை. திரும்ப மாட்டுவதில்தான் சுணக்கம். ஆனாலும் அவன் சொல்வது சரிதான். போன வருடம் ட்ரெய்லரில் பன்னிரண்டு கிடேரிகளை ஏற்றிக்கொண்டு மலை மேய்ச்சலுக்குப் போகும் அந்த ஆறு மைல் ஏற்றத்தில் நான்கு தடவை நின்றேன், சூடு காட்டும் முள் சிவப்பிலேயே கிடந்தது. மேலே போய்ச் சேர ஒரு நாள் தாமதம். புல்லுக்குச் சொந்தக்காரி இமோஜின், "இந்த ஒரு தடவைதான் விடறேன், வெர்னா" என்று சொல்லிவிட்டாள். ஜூன் முதல் தேதி மதியத்துக்குள் என் முப்பது கிடேரிகளும் மேலே நிற்க வேண்டும். இல்லையென்றால் குத்தகை அடுத்த ஆளுக்கு. அடுத்த ஆள், வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆர்வில் பெக்.

மலைப் புல் இல்லையென்றால் கிடேரிகளை விற்பதைத் தவிர வேறு வழியில்லை. அதுவும் அந்த ஆளிடம் தோற்றுப்போய் விற்பதா? மூன்று வருடத்துக்கு முன் தேவாலய விருந்தில், எல்லார் முன்னாலும், என் வண்டியில் பூச்செடிதான் வைக்கலாம் என்றவன். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

மே 14
கிளீட் துருப்பிடித்த போல்ட்டுகளோடு மல்லுக்கட்டுகிறான். நான்கு உடைந்தன. ஐந்தாவது அவனை உடைத்துவிட்டது.

மே 16
முடிந்தது. சைலன்சரே இல்லை, நேரான குழாய். பழையதை மூன்று துண்டாக வெட்டி, போகிற வழியில் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டானாம். கேட்டானா என்னை?

வைக்கோல் கட்டு முழுக்க ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் விட்டேன். மூன்றாவது கியர்! முள் அசையவில்லை. நான் தனியாகச் சிரித்துக்கொண்டே ஓட்டினேன். சத்தம் மட்டும் கொஞ்சம் அதிகம். வீட்டுக்கு வந்தபோது அலமாரியிலிருந்து இரண்டு தட்டு விழுந்திருந்தது.

மே 18
கிடேரிகள் ஓடிவிட்டன.

குளிர்காலம் முழுக்க என் வண்டிச் சத்தம் கேட்டால் வேலியோரம் வந்து வரிசையில் நிற்பவை. தீவனம் வருகிறது என்று அவற்றுக்குத் தெரியும். இன்று அதே வண்டி, அதே நான், அதே தீவன மூட்டை, சத்தம் மட்டும் வேறு. வாலைத் தூக்கிக்கொண்டு முப்பதும் மேய்ச்சல் நிலத்தின் கடைசி மூலைக்குப் போய், என்னவோ நான் அவற்றைச் சாப்பிட வந்தது மாதிரி பார்க்கின்றன.

மே 19
காலை ஏழு மணி. வாசலில் நாற்பது மாடு. என்னுடையவை அல்ல.

கிளீட்தான் கண்டுபிடித்தான். "அக்கா, ஆர்வில் வண்டிக்கு சைலன்சர் கழண்டு விழுந்து நாலு வருஷம் ஆச்சு. இப்ப உன் வண்டி அச்சு அசலா அதே மாதிரி கத்துது. அந்த ஆளு ஏப்ரலோட தீவனத்த நிறுத்திட்டான். இதுங்க திரும்பப் போட வந்துட்டான்னு நெனச்சு வேலிய ஒடச்சிட்டு வந்துருச்சுங்க."

ஆர்வில் வந்தான். தொப்பியைத் தொட்டான். மாடுகளை ஓட்டிக்கொண்டு போனான்.

மே 22
ஆர்வில் மாடுகள் தினமும் ஏழு மணிக்கு ஆஜர். இன்று எரிச்சலில் வழியை விட்டு விலகட்டும் என்று ஒரு மூட்டைத் தீவனத்தைத் தூக்கிக் கொட்டினேன். புத்தி கெட்ட வேலை. இனி எங்கே போகும் அவை?

மே 25
வண்டியை நிறுத்திவிட்டு தீவன வாளியோடு நடந்து போனேன். கிடேரிகள் நம்பவில்லை. கிளீட் தகரப் புனலை வாயில் வைத்துப் பழைய வண்டி மாதிரி சத்தம் போட்டான். கியர் மாற்றுவதுகூடச் செய்தான், நன்றாகத்தான் செய்தான். ஒரே ஒரு கிடேரி வந்தது. அவன் இருமியதும் அதுவும் போய்விட்டது.

மே 28
இரண்டு நாள் நடந்தே துரத்தியதில் முழங்கால் வீங்கிவிட்டது. குதிரையை விற்று ஐந்து வருடம். ட்ரெய்லரில் ஒன்றுகூட இல்லை. மலையை இழுத்துக் கீழே கொண்டுவரும் வண்டி இருக்கிறது, ஏற்றத்தான் மாடு இல்லை. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

ஒன்று கவனித்தேன். ஆர்வில் மாடுகள் என் வண்டியைப் பார்த்து ஓடி வந்தபோது, என்னுடையவை இரண்டு அவற்றின் பின்னால் மெதுவாக வந்தன.

அவனிடம் போய்க் கேட்பதா? செத்தாலும் மாட்டேன்.

மே 29
போனேன்.

ஆர்வில் கொட்டகையில் இருந்தார். நான் சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில் சொன்னேன். முன்னால் நடக்க உங்கள் மாடு இரண்டு வேண்டும், அவை ட்ரெய்லரில் ஏறினால் என்னுடையவையும் பின்னாலேயே ஏறும்.

"நீ போகலன்னா அந்தப் புல்லு எனக்கு. தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சும் என்கிட்டயே வந்திருக்க."

"வேற யார் மாடும் என் வண்டிய மதிக்கல."

கையிலிருந்த கிரீஸ் டப்பாவை மூடி வைத்தார். பிறகு, "பூச்செடின்னு சொன்னதுக்கு இன்னும் கோவமா?"

"ஆமா."

"அன்னிக்கே சொல்லியிருக்கணும். தப்புதான். பத்து நாளா உன் வாசலுக்கு வந்து நிக்கறேன், வாய் வரல." கையைத் துடைத்துக்கொண்டார். "எந்த ரெண்டு வேணும்?"

எனக்கு அழுகை வந்தது. முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன்.

மே 31
ஆர்விலின் மாடு இரண்டு ஏறியதும் என் பத்தும் பின்னாலேயே ஏறின. ஒரு சிக்கல்: முன்னால் ஏறியவை முன்னால்தான் நிற்கும். அவற்றை இறக்க என்னுடையவற்றை இறக்க வேண்டும். "விடு, அதுங்களும் ஊர் பாக்கட்டும்" என்றார். நடைக்கு இரண்டு என்று வேறு வேறு மாடு கொடுத்தார். இன்று இரண்டு நடை.

ஜூன் 1
கடைசி நடை, ஆர்விலும் கூட வர, மேலே சேர்ந்தபோது மணி பதினொன்று நாற்பது. இமோஜின் மடக்கு நாற்காலி போட்டு, தொலைநோக்கி வைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பத்தாறு.

"ரெண்டு சூட்டுக்குறி இருக்கே. என் குத்தகைப் பத்திரத்துல ஒரு பேருதான் இருக்கு."

மேலே பட்டி கிடையாது. ஆறு மாடுகளும் ஏற்கெனவே அரை மைல் தள்ளிப் புல்லில் இறங்கியாகிவிட்டது. இமோஜின் என்னைப் பார்த்தாள், ஆர்விலைப் பார்த்தாள், போய் அந்த ஆறைப் பிடித்துக்கொண்டு வரச் சொல்லலாமா என்று யோசித்தாள் போல. கடைசியில் பேனாவை எடுத்து என் பெயருக்குக் கீழே அவர் பெயரையும் எழுதினாள்.

"மூணு வருஷம் பேசிக்காத ரெண்டு பேருக்கு ஒரே புல்லு. நல்லா இருங்க."

கீழே வந்து கிளீட் வீட்டில் மிளகாய்க்கறியும் லவங்கப்பட்டை ரொட்டியும். ஆர்வில் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

ஜூன் 7
ஆர்வில் போனில். "வெர்னா, மிச்ச மாட்ட கீழ்நிலத்துக்கு மாத்தணும். சத்தம் கேட்டு ஓடி வருதுங்க, என் வண்டின்னு பாத்ததும் மூஞ்சத் திருப்பிக்கிட்டுப் போயிருதுங்க. நீ தீவனம் போட்டுக் கெடுத்து வெச்சிருக்க. ஏழு மணிக்கு உன் வண்டிய எடுத்துட்டு வர முடியுமா?"

ஜூன் 10
முப்பத்து நான்கும் கீழ்நிலத்துக்குப் போய்விட்டன. மூன்று காலைகள் ஆயிற்று. அவர் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தார். அந்தச் சத்தத்தில் பேச முடியாது.

ஜூன் 18
மழை. வேலிக்கம்பம் இன்னும் சாய்ந்தே இருக்கிறது. இன்றும் ஏழு மணிக்கு அந்தப் பக்கம் போனேன். ஓட்டிச் செல்ல மாடு எதுவும் இல்லை. அவர் வேலிக் கதவருகே காபியோடு நின்றிருந்தார், எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை.