ஹட் பேயில் உங்கள் மைக் டெஸ்ட்

மாமா,

இன்று உங்கள் கிதார் உறையைத் திறந்தேன். அந்துருண்டை வாசனையும் கப்பல்துறை ஜெட்டியின் டீசல் வாசனையும் சேர்ந்து வந்தன. பழைய லைஃப் ஜாக்கெட்டிலிருந்து வெட்டித் தைத்த ஆரஞ்சுப் பட்டை இன்னும் அதில்தான் இருக்கிறது. அதை என் தோளுக்கு ஏற்றபடி சுருக்கினேன். சனிக்கிழமை உங்கள் பேண்டு ஹேவ்லாக் தீவுக்கு ஷோ நடத்தப் போகிறது. நானும் போகிறேன்!

பகலெல்லாம் போர்ட் பிளேர் ஜெட்டியில் கப்பல் அறிவிப்பு சொல்வீர்கள். மாலையில் ஷாதிபூரில் நம் மொட்டைமாடியில் ராக் பாட்டு. டிரம்ஸ் வாசிக்கும் பிஷு அங்கிள் மின்சார ஆபீஸ் சீருடையோடே வந்துவிடுவார். அம்மா கீழேயிருந்து கத்துவாள்.

"டேய், நாற்பது வயசாச்சு. ஆபீஸ் போனோமா வந்தோமான்னு இல்லாம என்னடா கூத்து?"

"அக்கா, ஹட் பே ஷோவுக்கு நீயும் வா. அது சொதப்பினா கிதாரைத் தொடமாட்டேன். பக்கா."

"பக்கா," என்று அம்மா உடனே கைநீட்டிச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். நீங்கள் சிரித்தீர்கள்.

லிட்டில் அந்தமான் தீவின் ஹட் பே மைதானத்தில் மூன்று மணிக்கே கூட்டம். பாதிப் பேர் ஆறு மணிக் கப்பலுக்குக் காத்திருந்தவர்கள், எங்களைப் போலவே மடியில் பையோடு. கடல் மாறினால் கப்பல் நேரமும் மாறும் என்பதால் இங்கே யாரும் பையைத் தூரத்தில் வைப்பதில்லை. நீங்கள் கிதாரோடு மேடை ஏறினீர்கள். "மைக் செக் பண்ணணும், ஏதாவது பேசுங்க," என்றார் சவுண்டுக்காரர்.

நீங்கள் வாயைத் திறந்தீர்கள். பதினாறு வருட அறிவிப்புப் பழக்கம், முதலில் இந்தி, பிறகு தமிழ் என்று வெளியே வந்தது.

"யாத்ரிகண் கிருப்யா த்யான் தேன். கப்பலுக்குக் காத்திருக்கும் பயணிகள் உடனே ஜெட்டிக்கு வரவும்."

மைதானமே எழுந்தது. பைகளும் குழந்தைகளும் தேங்காய் மூட்டைகளும் வாசலை நோக்கி ஓடின. அம்மாவும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள், சொந்தத் தம்பியின் குரல் என்றுகூட யோசிக்காமல்!

"அரே, ருகோ! நில்லுங்க! நான் டியூட்டியில இல்லங்க!" என்று கத்தினீர்கள். யாரும் நிற்கவில்லை.

"அண்ணா, ஆடியன்ஸையே கப்பல் ஏத்திட்டியே!" என்று பிஷு அங்கிள் தலையில் கைவைத்தார். அவ்வளவுதான், கிதார் போயிற்று என்று நினைத்தேன். அப்போதுதான் நீங்கள் கம்பிகளை ஓங்கி அடித்து, அதே அறிவிப்பைப் பாட்டாகப் பாட ஆரம்பித்தீர்கள். பிஷு அங்கிள் டிரம்ஸில் பாய்ந்தார். வாசலில் முதலில் ஒரு சிரிப்பு கேட்டது, பிறகு நூறு சிரிப்பு. எல்லோரும் திரும்பி வந்தார்கள். வந்தவர்கள் உட்காரவே இல்லை, பையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடினார்கள். "உடனே ஜெட்டிக்கு வரவும்" என்ற வரியை அம்மாவும் சேர்ந்து கத்தினாள். நான் பார்த்தேன்.

திரும்பும் கப்பலில், "அக்கா, சொதப்பலா?" என்று மெல்லக் கேட்டீர்கள்.

"ஊரையே ஓடவிட்டுட்டுக் கேள்வியைப் பாரு. அடுத்த ஷோ எப்போடா?"

போன மழைக்காலத்தில் நீங்கள் எங்களை விட்டுப் போனீர்கள். அதன்பின் இந்த உறையை யாரும் தொடவில்லை. சென்ற வாரம் பிஷு அங்கிள் வந்து, "அண்ணாவோட அறிவிப்புப் பாட்டு இல்லாம ஹேவ்லாக்ல எப்படி ஆரம்பிக்கிறது? யாருக்கு அது அப்படியே வரும்?" என்று கேட்டார். "இவளுக்கு," என்று அம்மா என்னைக் காட்டினாள். நூலகப் புத்தகத்தைப் பார்த்து நான் கற்றது கிதாரில் விரல் வைக்கும் மூன்றே கார்டுகள்தான், மாமா. அந்தப் பாட்டுக்கு மூன்று போதும் என்கிறார் பிஷு அங்கிள்.

நேற்று மாடியில் ஒத்திகை. நீங்கள் நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, நீங்கள் இழுக்கும் இடத்தில் இழுத்து மைக்கில் சொன்னேன்: "யாத்ரிகண் கிருப்யா த்யான் தேன்..."

காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த அம்மா, மடியிலிருந்ததை அள்ளிக்கொண்டு சட்டென்று எழுந்து நின்றாள்.