வயர் பூட்டாத விளக்கு

இஞ்சேருங்கோ,

உங்களை வேறு எப்படிக் கூப்பிடுவதென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. முப்பத்தொரு வருடம் பெயர் சொல்லாமலே போய்விட்டது.

உங்கள் பவளத் தொட்டி எங்கள் ஓர்ஸ் ஹில் வீட்டு முன் ஹோலில்தான் இன்னமும் இருக்கிறது. பிளாஸ்டிக் கான்களில் கடல் தண்ணீர் அள்ளி வருவது இப்போது நான். மீன்கள் சுகம். பவளங்கள்தான் சுகமில்லாமல் கிடந்தன. பழைய டியூப் லைட் மங்க மங்க, பச்சையாக இருந்தவையெல்லாம் மண்ணிறமாகிச் சுருங்கின. வெளிச்சம்தான் அவற்றின் சாப்பாடு என்று வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வீர்களே.

அதற்காகத்தானே நீங்களே எல்.ஈ.டி விளக்குச் செய்யத் தொடங்கினீர்கள்? அலுமினியத் தகட்டில் நீலமும் வெள்ளையுமாகச் சின்னச் சின்ன பல்புகள். அந்தத் தகட்டுக்குப் பக்கத்தில்தான் விழுந்து கிடந்தீர்கள், கையில் ஸ்குரூ டிரைவரோடு. மாரடைப்பு என்றார் டொக்டர். கொழும்பிலிருந்து ஓடிவந்த மகள் நம்பவில்லை.

"கரண்ட்தானம்மா அடிச்சது. உந்த விளக்குத்தான் அப்பாவைக் கொண்டுபோனது."

அன்றைக்கே விளக்கைத் துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். ஏழு மாதம் அந்த அலுமாரியை ஒதுங்கியே கடந்தேன்.

போன கிழமை பெரிய பவளத்தின் ஓரம் எலும்பாய் வெளுத்திருக்கக் கண்டேன். இதையும் சாகவிடுவதா? விளக்கைத் தூக்கிக்கொண்டு டவுனில் மின்சாமான் திருத்தும் கடைக்குப் போனேன்.

"தம்பி, இதில கரண்ட் அடிச்சு ஒராள் செத்தவர். சரிபண்ண ஏலுமே?"

கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆர் சொன்னது அன்ரி? இதுக்கு இன்னும் மெயின் வயரே பூட்டேல்லை. கரண்ட் வர வழியே இல்லை."

"வடிவாப் பாருங்கோ."

"வடிவாத்தான் பாத்தனான். இது ஒருநாளும் எரியாத விளக்கு."

நிம்மதி தரவேண்டிய செய்திதானே? நானோ அங்கிருந்த கதிரையில் இருந்துவிட்டேன்.

நீங்கள் விழுந்த அன்று காலை என்னைக் கூப்பிட்டீர்கள். "இஞ்சரும், ஒருக்கா வாரும்." நான் குசினியில் மீன் பொரித்துக்கொண்டு நின்றேன். "இப்ப ஏலாது, பொறுங்கோ" என்றேன். இரண்டாம் தரமும் கூப்பிட்டீர்கள், மெதுவாக. கரண்ட் என்றால் ஒரு நொடி; நான் வந்தும் பயனில்லை. நெஞ்சுவலி என்றால்? முதல் தரமே நான் வந்திருந்தால்? விளக்கின் மேல் பழியைப் போட்டது மகள் மட்டுமில்லை. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

வயர் பூட்டும் விதத்தைக் கடைக்காரரிடமே கேட்டறிந்து, நானே பூட்டினேன். மத்தியானம் ஜன்னல்களைச் சாத்தி, விளக்கைத் தொட்டிக்கு மேல் தொங்கவிட்டுச் சுவிட்சைப் போட்டேன். பவளங்கள் பழகும்வரை குறைந்த வெளிச்சம் போதும் என்று நீங்கள் கொப்பியில் எழுதியிருந்தபடிதான். ஹோல் முழுக்க நீலம். மண்ணிறமாகக் கிடந்தவை பச்சையாய் மினுங்கின. இதை நீங்கள் காணவேயில்லை.

அப்போதுதான் தொட்டியின் தண்ணீர் மோட்டரின் இரைச்சலுக்குள் "இஞ்சரும்" என்று தெளிவாகக் கேட்டது.

"வந்திட்டன். இஞ்சதான் நிக்கிறன்" என்று சத்தமாகச் சொன்னேன். கண்ணாடியில் நீலமாக என் முகம் மட்டும் தெரிந்தது.

அன்று தொடங்கி ஒவ்வொரு நாளும் கேட்கிறது. ஒவ்வொரு நாளும் பதில் சொல்கிறேன். உங்களுக்குக் கேட்கிறதா?

ஞாயிற்றுக்கிழமை மகள் வருகிறாள். தொட்டியை யாருக்காவது கொடுத்துவிட்டு என்னைக் கொழும்புக்குக் கூட்டிப்போகப் போகிறாளாம். விளக்கு எரிவதைக் கண்டால் கத்துவாள். அவளை இருத்தி வைத்து, விளக்கில் பிழையில்லை என்றும், அப்பா இரண்டு தரம் கூப்பிட்டவர் என்றும் சொல்லுவேன். அதற்குப் பிறகு என்னோடு கதைப்பாளோ தெரியாது. ஆனாலும் ஒன்றும் மறைக்காமல் சொல்லுவேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

உங்கள் மனைவி