அடுப்படி வாசலில் செவலை

ஜூன் 18, செவ்வாய்

கல்யாணமாகி இன்றோடு இருபத்து மூன்று நாள். இந்த வீட்டில் இன்னும் ஒரு செம்புத் தண்ணீரை என்னிஷ்டத்துக்கு எடுத்துக் குடித்ததில்லை. அடுப்படி வாசலை அடைத்துக்கொண்டு செவலை நாய் படுத்துக் கிடக்கிறது. தாண்டப் பயம். ‘என்னங்க’ என்று கூப்பிட வேண்டும். அவர் கடையிலிருந்து வந்து ‘எந்திரிடா’ என்றால்தான் எழுந்திருக்கும். அதுவும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு.

கடை பக்கத்தில்தான். தூத்துக்குடி ரோட்டு ஓரத்தில் பஞ்சர் கடை, அதன் பின்னால் வீடு. ஆனாலும் ஒரு வாய் தண்ணிக்கு எத்தனை தடவை கூப்பிடுவது?

ஒன்பது வயதில் ரெட்டியபட்டியில் ஒரு நாய் கெண்டைக்காலில் கடித்தது. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. அந்தத் தழும்பைக் கல்யாணத்துக்கு முன்பே அவரிடம் காட்டியிருக்கலாம். முப்பத்தேழு வயதில் பெண் பார்க்க வந்தவரிடம் காலைக் காட்டிக்கொண்டா நிற்க முடியும்!

ஜூன் 21, வெள்ளி

நாய்கள் இரண்டு. செவலை கிழடு. மிட்டாய் இளசு, வெள்ளையில் கருப்புத் திட்டு. இரண்டுக்கும் பேர் வைத்தது பாண்டீஸ்வரி. அவருடைய முதல் சம்சாரம். இறந்து இரண்டு வருஷம் ஆகிறது.

மிட்டாய் கட்டிலில் ஏறி எங்கள் கால்மாட்டில் படுக்கிறது. இறக்கி விடச் சொன்னேன். ‘அது அப்படியே பழகிருச்சு ஜோதி’ என்றார்.

யார் பழக்கியது என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

மாதக் காலண்டரில் மே மாதத் தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதிவிட்டேன். அங்கன்வாடியில் பன்னிரண்டு வருஷமாகப் பிள்ளைகளோடு இருக்கிறவள். எழுதி ஒட்டாமல் எனக்கு எதுவும் ஓடாது. அடுப்படி நிலைப்படியைத் தாண்டக் கூடாது. கட்டிலில் ஏறக் கூடாது. நாம் சாப்பிட்ட பிறகு கொல்லையில் அலுமினியச் சட்டியில்தான் சோறு. ஆள் வந்தால் கட்டிப்போட வேண்டும். ரோட்டைத் தாண்டக் கூடாது, லாரி நிற்காது.

அவர் வாய்விட்டு ஒவ்வொன்றாகப் படித்தார். ‘சரிங்க டீச்சர்’ என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் அவர் பேசிய முதல் கேலி இது. நாள் பூரா அதையே நினைத்துக்கொண்டு திரிந்தேன். ரெட்டியபட்டி அங்கன்வாடிக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நாளைக்கு வேறு கவலைப்பட வேண்டும்.

ஜூலை 2, செவ்வாய்

தாள் சுவரில் இருக்கிறது. அவ்வளவுதான்.

மத்தியானம் சாப்பிட வந்தார். தட்டிலிருந்து ஒரு உருண்டை செவலைக்கு, ஒன்று மிட்டாய்க்கு, ஒன்று அவருக்கு. நான் நின்று பார்க்கிறேன். ‘கண்டிக்க மாட்டீகளா?’ன்னு கேட்டேன். ‘வாயில்லாச் சீவனை எப்படிக் கண்டிக்க?’ன்னாரு.

எனக்கு வாய் இருக்கு. அதனால என்னை என்ன வேணா சொல்லலாம் போல.

அடுத்த வீட்டு மூக்கம்மாள் அக்கா துணி உலர்த்துகையில் சொன்னாள். பாண்டி எட்டு மாதம் படுக்கையில் கிடந்தாளாம். கடைசியில் அவளை அடுப்படியிலேயே பாய் விரித்துப் படுக்க வைத்திருந்தார்களாம், அங்கேதான் காற்று வரும் என்று. செவலை அந்த வாசலில் படுத்தது அப்போதிருந்துதானாம்.

‘அது உன்னை மறிக்கலைத்தா. அது அவளைக் காத்துக்கிட்டு கெடக்கு.’

சரி. எனக்கும் புரிகிறது. புரிந்து என்ன? சோறு ஆக்க நான் உள்ளே போக வேண்டாமா? இந்த வீட்டில் எனக்கென்று ஒரு சாண் இடம் வேண்டாமா?

ஜூலை 7, ஞாயிறு

‘பாண்டி, அந்த ஸ்பேனரை எடு’ என்றார், டயரைக் கழற்றியபடியே.

எடுத்துக் கொடுத்தேன். அவர் கவனிக்கவேயில்லை. செவலைதான் தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தது.

ஜூலை 12, வெள்ளி

மிட்டாய் உட்கார்ந்தது!

பிள்ளைகளுக்குச் செய்கிறதைத்தான் செய்தேன். ஒரே சொல், ஒரே குரல். கெஞ்சலும் இல்லை, அதட்டலும் இல்லை. சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ‘உக்காரு’. உட்காராவிட்டால் சட்டி கீழே இறங்காது. நாலு நாள் என்னைச் சுற்றிச் சுற்றிக் குதித்தது. இன்று பொத்தென்று உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு நாய் உட்கார்ந்ததற்கு!

ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். லாரிக்காரர் ஒருவர் பக்கத்தில் நின்றார். இவர் ‘அப்படியா’ என்றார். அவ்வளவுதான்.

செவலையிடம் எதுவும் நடக்கவில்லை. ‘உக்காரு’ என்றால் எழுந்து அடுப்படி வாசலுக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறது.

ஜூலை 15, திங்கள்

பாதம் எரிகிறது. எழுதினால் தூக்கம் வருமா பார்ப்போம்.

காலையில் கஞ்சி வடித்துச் சட்டியைக் கொல்லைக்குக் கொண்டுபோனேன். அவசரம், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இவரைக் கூப்பிடாமல் நானே செவலையைத் தாண்டினேன். உர்ர்ருன்னுச்சு. கடிக்கலை. உறுமத்தான் செஞ்சுச்சு. எனக்குக் கை உதறிருச்சு. கொதிக்கக் கொதிக்க வடிகஞ்சி காலில்.

கத்தினேன். ரோட்டுக்கே கேட்டிருக்கும். ‘இந்த வீட்ல ஒன்னு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும். ரெண்டுல ஒன்னு சொல்லுங்க!’

அவுக ஓடி வந்தாக. வாளியில் தண்ணீர் கொண்டுவந்து என் காலை அதற்குள் எடுத்து வைத்தார். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். என்னைத் திட்டியாவது இருக்கலாம்.

நாளை ஆடிக்கு அழைத்துப் போக அம்மா வருகிறாள். இந்த வயதில் ஆடி என்ன ஆடி என்று சிரித்துக்கொண்டிருந்தேன். இப்போது போனால் போதும் என்றிருக்கிறது.

ஜூலை 21, ஞாயிறு. ரெட்டியபட்டி

அங்கன்வாடி நடக்கிற தூரம். பஸ் அலைச்சல் இல்லை. அம்மா கையால் சோறு. நினைத்த நேரத்தில் அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடிக்கலாம்.

அவர் போன் செய்தார். ‘கால் எப்படி இருக்கு? சாப்பிட்டியா?’ பின்னால் லாரி ஹாரன். ‘சரி, வைக்கட்டா’ என்றார்.

வைக்காதீங்க என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? சொல்லவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

இன்று அழைப்பு இல்லை.

ஜூலை 30, செவ்வாய்

டயர் ரப்பர் வாசம் எங்கிருந்தோ வந்தது. தெருவில் யாரோ எதையோ எரிக்கிறார்கள். வாசலில் போய் நின்றுவிட்டேன். ‘யாரைத்தா பாக்குற?’ என்றாள் அம்மா. யாரும் இல்லை என்றேன்.

ஐம்பது நாள் பக்கத்தில் இருந்தபோது வராத ஏக்கம் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி வந்ததும் வருகிறதே, என்ன மனசு இது!

ஆகஸ்ட் 4, ஞாயிறு. பந்தல்குடி

ஆடிப்பெருக்கு முடிந்து இன்று திரும்பினேன். அடுப்படி வாசல் காலியாக இருந்தது.

‘செவலை எங்க?’

‘நீ சொன்னேல்ல. மல்லாங்கிணத்துல இருளப்பசாமி தோட்டத்துல விட்டுட்டேன்.’ இருளப்பசாமி அவர் சித்தி மகன். அங்கே ஆட்டுக் கிடைக்குக் காவல் இருக்கட்டும் என்று அவன் சொன்னானாம். இதைச் சொல்லும்போது இவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பஞ்சர் ஒட்டிய ட்யூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே பேசினார்.

கட்டிலில் நாய் முடி ஒன்றுகூட இல்லை. கொல்லையில் சட்டி கழுவிக் கவிழ்த்திருக்கிறது. மிட்டாய் ‘உக்காரு’ என்று சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தது. அவர் தட்டிலிருந்து ஒரு பருக்கை யாருக்கும் போடாமல் சாப்பிட்டு எழுந்தார்.

நான் எழுதி ஒட்டியது எல்லாமே நடக்கிறது. வீடு செத்த வீடு மாதிரி இருக்கிறது.

ஆகஸ்ட் 8, வியாழன்

அவர் இப்போது வீட்டுக்குள் வருவதே சாப்பிடத்தான். அஞ்சு நிமிஷம். என்மேல் கோபம் இல்லை; கோபம் இருந்தால் தெரியும். நான் கேட்டதைக் கொடுத்துவிட்டார். கொடுத்துவிட்டு, கூடவே தானும் எங்கோ போய்விட்டார்.

நான் கேட்டது இதுவா?

இருளப்பசாமிக்குப் போன் செய்தேன். ‘சங்கிலியக் கடிச்சுக்கிட்டே கெடக்கு மதினி. தண்ணி மட்டும் குடிக்குது. அண்ணன்கிட்ட சொல்ல வேணாம்னு இருந்தேன்’ என்றான்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

அம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு அருப்புக்கோட்டை போய், பஸ் மாறி மல்லாங்கிணறு. இருளப்பசாமி தோட்டத்துக்குக் கூட்டிப்போனான். வேப்ப மரத்தடியில் கிடந்தது. இடுப்பெலும்பு தெரிந்தது. என்னைக் கண்டதும் தலையைத் தூக்கிற்று. உறுமவில்லை, வாலும் ஆட்டவில்லை.

பத்தடி தள்ளி உட்கார்ந்தேன். பயம் ஒரு நாளில் போய்விடுமா? கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தேன். அதுவும் எழுந்து சங்கிலி விட்ட மட்டும் வந்தது. வந்து என் சேலைத் தலைப்பை மோந்தது. முட்டாள் கழுதை, அந்த வீட்டு வாசம் என்மேல் இருக்கிறதென்று நினைத்ததோ என்னமோ. திரும்பத் திரும்ப மோந்தது. பிறகு தலையை என் மடியில் வைத்தது. தலை என்ன கனம்!

நான் அழுதேன். அதை எதற்கு மறைக்க? அதுக்கு அவ வேணும். எனக்கு இவுக வேணும். ரெண்டு பேரும் ஒரே வாசல்ல கெடந்துருக்கோம்.

நாயை பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். வெங்காய லோடு ஏற்றிய குட்டியானை வண்டி ஒன்று அருப்புக்கோட்டைக்குப் போவதை இருளப்பசாமி நிறுத்தினான். பின்னால் மூட்டைகளுக்கு நடுவே நானும் செவலையும். அங்கிருந்து அவருக்குப் போன் செய்தேன். ‘அருப்புக்கோட்டையில நிக்கேன். செவலை எங்கூட இருக்கு. வண்டியை எடுத்துட்டு வாங்க.’

போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு ‘வாரேன்’ என்றார்.

எக்ஸெல் வண்டியில் முன்னால் கால் வைக்கிற இடத்தில் செவலை, பின்னால் நான். ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கையில் பருத்திக்காட்டு ஓரமாக வண்டியை நிறுத்தினார். இறங்கினார். முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினார்.

‘அதைக் கொண்டுபோய் விட்டா உனக்கு வீட்ல எடம் ஆகும்னு நெனச்சேன் ஜோதி. எனக்கு எடம் இல்லாமப் போச்சு.’

‘நான் கோவத்துல சொன்னேன். அதைப் போகச் சொல்லணும்னு இல்லை. நீங்க ஒருக்கா என் பக்கம் நின்னா போதும்னுதான் இருந்துச்சு.’

செவலையின் தலையைத் தடவியபடி, ‘அன்னைக்கு உன்னைப் பேரு மாத்திக் கூப்பிட்டேன். தெரியும். தெரியாதவன் மாதிரி இருந்துட்டேன்’ என்றார். அழுதார். ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. செவலை வண்டியை விட்டு இறங்காமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

ஆகஸ்ட் 15, வியாழன்

பழைய தாளைக் கிழித்தாயிற்று. இருவரும் உட்கார்ந்து பேசினோம். அடுப்படி வாசலிலிருந்து நாலடி தள்ளி, அங்கிருந்து அடுப்படி தெரிகிற மாதிரி, செவலைக்கு ஒரு சாக்கு. ‘அங்க இருந்து பார்த்துக்கட்டும்’ என்றார். கட்டில் கிடையாது. தட்டிலிருந்து ஊட்டுவது கிடையாது. அது நாய்களுக்கு இல்லை, அவருக்கான விதி. அவரும் என் சொல்லையே சொல்ல வேண்டும். ‘எந்திரிடா’ இல்லை, ‘எடத்துக்குப் போ’. நான் சொல்லிக் கேட்கவில்லை என்றால் அவர் வந்து பக்கத்தில் நிற்க வேண்டும், எனக்குப் பதிலாகச் சொல்லக் கூடாது.

செவலையைச் சாக்கில் கொண்டுபோய்ப் படுக்க வைப்பதும், அது எழுந்து பழைய இடத்துக்கு வருவதுமாக இன்று மட்டும் பதினேழு தடவை. மூக்கம்மாள் அக்கா வந்து பார்த்துவிட்டு, ‘ரெண்டு பேரும் பள்ளிக்கூடம் வச்சுட்டீகளா?’ என்று சிரித்தாள்.

செப்டம்பர் 6, வெள்ளி

நான்கு நாளாகச் சாக்கிலேயே கிடக்கிறது.

சாப்பிடும்போது அவரிடம் கேட்டேன், பாண்டி எப்படி இருப்பாள் என்று. முதலில் தயங்கினார். பிறகு சொன்னார். பாட்டே வராதாம், ஆனால் பாடுவாளாம். திருச்சுழித் திருவிழாவில் தொலைந்துபோய் மைக்கில் ‘என் புருஷனைக் காணோம்’ என்று சொல்லச் சொன்னாளாம். சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் முன்பு பார்த்ததில்லை.

எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. இருந்திருந்தால் மதினி என்றோ அக்கா என்றோ கூப்பிட்டிருப்பேன். இருந்திருந்தால் நான் இங்கே இருந்திருக்க மாட்டேன்.

என்னை யாராவது இப்படிச் சொல்லிச் சிரிப்பார்களா?

அக்டோபர் 13, ஞாயிறு

மழை. மக்காச்சோளம் விதைத்தவர்கள் முகத்தில் தெளிச்சி. மிட்டாய் சேற்றுக் காலோடு கட்டிலில் ஏறிவிட்டது. நான் வாயைத் திறக்கும் முன்பே, ‘எடத்துக்குப் போ’ என்றார் அவர். இறங்கிப் போனது. போகும்போது என்னைப் பார்த்தது, நான் பரிந்து பேசுவேனா என்று.

நவம்பர் 8, வெள்ளி

மூன்று நாள் பயிற்சிக்கு விருதுநகர் போய்விட்டு இன்று சாயங்காலம்தான் வந்தேன். பந்தல்குடி ஸ்டாப்பில் இறங்கினால் அவர் நிற்கிறார். கையில் கயிறு, கயிற்றின் முனையில் செவலை. என்னைக் கண்டதும் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு முனகிற்று. அந்தச் சத்தத்தை அதனிடம் நான் கேட்டதே இல்லை.

‘என்னங்க இது, ரோட்டுக்குக் கூட்டிட்டு வந்திருக்கீக?’

‘முந்தாநாளே அவுத்துக்கிட்டு இங்க வந்துருச்சு. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்குது. லாரியில மாட்டிக்கிருமேன்னு நானே கயித்தைப் போட்டுக் கூட்டிட்டு வாரேன்.’

‘முந்தாநாளிருந்தா?’

‘ஆமா.’

‘அப்ப கடையை யாரு பாத்தது?’

‘அதெல்லாம் வேலை ஓடுச்சு. மத்தியானம்கூட ரெண்டு லாரி டயரு’ என்று சொல்லி என் பையை வாங்கிக்கொண்டார்.

எப்போதும் டயர் அழுக்கு ஏறிக் கிடக்கும் அவர் கையைப் பார்த்தேன். நகக்கண்ணில்கூட ஒரு பொட்டுக் கருப்பு இல்லை.